வண்டிக்கு முன்னால் வரும் சத்தம்

மிரார்செல் பண்ணை
ஆகஸ்ட் 20

அன்புள்ள ஹால்பெரா அக்காவுக்கு,

தம்பி தோர்கில்ஸ் எழுதுவது. நானும் இதுனும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? காதில் மாட்டுகிற மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அது டிராயரிலேயே தூங்குகிறதா? போனில் நான் கத்துவதும் நீ "என்னது? என்னது?" என்பதும் அகுரேரி முழுக்க வேடிக்கையாகிவிட்டது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

ஜூனில் பிளேசியைப் புதைத்ததை முன்பே எழுதியிருந்தேன். மனசு இன்னும் ஆறவில்லை. இன்னொரு குதிரையைப் பழக்க என் முழங்கால் இடம் கொடுக்காது. ஆகவே ஒரு நாலுசக்கரம் வாங்கப்போகிறேன். குதிரைமேல் உட்காருவதுபோலக் காலை அகட்டி உட்கார்ந்து ஓட்டுகிற பைக்தான். சதுப்பைக் கடக்காமல் அக்கரை மேய்ச்சலுக்குப் போக வழியில்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கடையில் நிற்கிற புதுசு. பெரியது, கனமானது. இன்னொன்று பக்கத்துப் பண்ணை கிரீமுர் விற்கிற பழசு, இலேசானது. கடைக்காரன் பெரியதை என் தலையில் கட்டப் பார்த்தான்.

"முன்னாடி வின்ச் இருக்கு பாருங்க. சேத்துல மாட்டிக்கிட்டா இந்த இரும்புக் கயித்தை இழுத்து ஒரு மரத்துல கட்டிட்டு பட்டனை அமுக்குங்க. வண்டி தானா வெளிய வந்துரும்."

"எந்த மரத்துல?"

"ஏதாவது ஒரு மரத்துல."

"எங்க பண்ணையிலயே உசரமா வளர்றது உருளைக்கிழங்குச் செடிதாங்க."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் இதுன் சிரிக்கவில்லை. "எதை வாங்கினாலும் அந்தக் கயிறு இருக்கணும். கட்ட இடமில்லாட்டி நான் வந்து பிடிச்சுக்கறேன்" என்றாள். தலைநகரத்தில் வளர்ந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகத்தான் இங்கே இருக்கிறாள், ஆனால் பிடிவாதத்தில் நம் குடும்பத்தையே மிஞ்சிவிட்டாள். எந்த வண்டி என்று நீ சொல். நான் இந்தப் பண்ணையை உன்னிடமிருந்துதானே வாங்கிக்கொண்டேன்?

இப்படிக்கு, உன் நீண்ட ஆயுளை வேண்டுகிற தம்பி,
தோர்கில்ஸ்


அகுரேரி
ஆகஸ்ட் 29

அன்புத் தம்பிக்கு,

இடுப்பு தன் வேலையைச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. மற்றபடி சுகம். மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. அதைப் போட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் கேட்கிறது. அதைக் கேட்பதற்குச் சும்மா இருக்கலாம்.

இலேசானதை வாங்கு. சதுப்புக்கு உன் குதிரைசக்தியைப்பற்றி அக்கறை கிடையாது, எடையைத்தான் பார்க்கும். அப்பாவின் முதல் டிராக்டர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் என்று யாருக்கும் தெரியாது. டயர் அகலமாக இருக்கட்டும். பற்கள் ஆழமாகவும், பற்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும். குனிந்து வண்டியின் வயிற்றைப் பார், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று. இன்னொன்று. கிரீமுருடைய வண்டி பெல்ட்டில் ஓடுவது. பெல்ட் நனைந்தால் வழுக்கும். இன்ஜின் கிடந்து கத்தும், சக்கரம் இம்மியும் நகராது. கிரீமுர் ஒருதடவை அப்படி எரித்திருக்கிறான், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். புதுப் பெல்ட் போடச் சொல்லி வாங்கு.

பழைய கரிமண் குழிகளை மறந்துவிடாதே. தாத்தா அடுப்பெரிக்க அந்த மண்ணை வெட்டியெடுத்தார், நாம் மூடவில்லை. பாசி படர்ந்து புல்தரை மாதிரி தெரியும்.

இதுனிடம் ஒன்று கேள். மாலையில் நீ வீடு வருமுன் அவளுக்கு எதுவும் கேட்கிறதா? நான் அங்கே இருந்தவரை எனக்குக் கேட்கும்.

அன்புடன்,
ஹால்பெரா


மிரார்செல்
செப்டம்பர் 16

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

இதுன் வணக்கத்துடன் எழுதுவது. இவரும் நானும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கிரீமுருடைய வண்டியைத்தான் வாங்கினார். நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு வின்ச்சும் மாட்டியாயிற்று. பின்னால் ஸ்னாட்டி ராஜா மாதிரி உட்கார்ந்து போகிறது. நாய்க்கு அந்தக் கர்வம் ஆகாது என்று இவர் திட்டுகிறார், ஆனால் அதற்கென்று ஒரு ஆட்டுத்தோலை விரித்ததும் இவர்தான்.

நீங்கள் கேட்கச் சொன்னதை இவர் கேட்டார். "ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டேன். அது பொய். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தினமும் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. சதுப்புப் பக்கமிருந்து வந்து, முற்றத்துச் சரளையில் உரசி, சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிறேன். முற்றம் காலி. சரளையில் தடம்கூட இல்லை. உள்ளே வந்து, மிச்சப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இவர் நிஜமாக வருகிறார். போன வருஷம் இதேபோலக் குளம்புச் சத்தம் கேட்கும். குதிரை ஏதோ கட்டவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை அக்கா. ஆனால் பயமாக இருக்கிறது. இது என்ன?

பணிவன்புடன்,
இதுன்


அகுரேரி
செப்டம்பர் 24

அன்புள்ள இதுன்,

சுகம்தானே? உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உன்னைப் பார்த்து அல்ல, அதைப் பார்த்து. அத்தனை வருஷம் குளம்போடு வந்தது, இந்த வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டதே!

பயப்படாதே. எங்கள் வீட்டில் அதற்கு முன்வரவு என்று பெயர். சில பேருக்கு அது உண்டு. ஆள் வந்து சேருமுன் அவனுடைய சத்தம் வந்து சேரும். அப்பாவுக்குச் செருமல், தோர்கில்ஸுக்குக் குளம்பு. அது கெட்டதில்லை, நல்ல சேதிதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறான், அவ்வளவுதான். இன்றுவரை அது வந்து ஆள் வராமல் போனதில்லை.

ஒன்றே ஒன்று. அதை எதிர்கொள்ள வெளியே போகாதே. அம்மா ஒருநாளும் போகமாட்டாள். போனால் அது வெட்கப்படும் என்பாள். சத்தம் கேட்டதும் அடுப்பில் காபியை வை. காபி இறங்கும்போது கதவு திறக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். நீயும் அப்படியே செய். அவனிடம் சொல்ல வேண்டாம். காபி எப்படி எப்போதும் சூடாக இருக்கிறது என்று அவன் வியந்துகொண்டிருக்கட்டும்.

ஆசிகளுடன்,
ஹால்பெரா


மிரார்செல்
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடுப்புக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? ஆடு திரட்டல் முடிந்தது. கிடையில் அவரவர் ஆட்டைப் பிரிக்கும்போது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, எங்கள் பாட்டு மட்டும் நிற்கவில்லை. கிரீமுர் தன் வண்டியை என்னிடம் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருந்தப்ப இது இப்படி ஓடலையே" என்று புலம்பினான்.

"ஓட்றவன் ஓட்டினா ஓடும்" என்றேன்.

"கர்வம் பிடிச்ச பய. சேத்துல மாட்டிக்கிட்டு என்னைத்தான கூப்பிடப் போற?"

வண்டி அருமை. நீ சொன்னது சரிதான், சதுப்பின் மேல் மிதந்துகொண்டு போகிறது. சாம்பல் நிறத் தாய் ஆடும் அதன் கூட்டமும் இன்னும் அக்கரையிலேயே நிற்கின்றன. வண்டியைக் கண்டால் ஓடுகின்றன. பனி மூடுமுன் பிடித்தாக வேண்டும், அதனால் தினமும் போகிறேன். ஒருதடவை பெல்ட் வழுக்கி ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்.

இதுன் காபியில் கைதேர்ந்துவிட்டாள். நான் கதவைத் திறக்கவும் அவள் கோப்பையை வைக்கவும் சரியாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா, சிரிக்காதே. முன்பெல்லாம் சாயங்காலத்தில் ஈரக்கையோடு முற்றத்துக்கு வந்து நின்று பார்ப்பாள். தூரத்திலிருந்தே தெரியும். இப்போது வருவதில்லை. காபி சூடாக இருக்கிறது, ஆனாலும் அவள் அங்கே நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி,
தோர்கில்ஸ்


அகுரேரி
நவம்பர் 3

தம்பி,

நலமா? பெல்ட் வந்துவிட்டதா? வரும்வரை சதுப்பில் இறங்காதே. ஆடுகள் போனால் போகட்டும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

இப்போது விளக்குப் போடுகிற நேரம். மெஷின் டிராயரில் இருக்கிறது. ரேடியோ ஓடுவதுகூட எனக்குக் கேட்காது. ஆனால் என் ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்டி வந்து நின்றது கேட்டது. நின்ற பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. தடியை ஊன்றிப் போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு பூனை நிற்கிறது. வேறு யாருமில்லை.

என்னைப் பார்க்க வருகிறாயா? சொல்லாமல் வந்து அசத்தலாம் என்று நினைத்தாயா? உன் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. காபி வைத்திருக்கிறேன். இதோ, காபி ஆறியும் நீ வரவில்லை. இதற்கு உடனே பதில் போடு.

ஹால்பெரா


மிரார்செல்
நவம்பர் 22

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கிரீமுர் உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து தெரிவித்துவிட்டதாகச் சொன்னார். நான் எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

மூன்றாம் தேதி இவர் அக்கரைக்குப் போனார். இருட்டிய பிறகு ஸ்னாட்டி மட்டும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் கிரீமுரைக் கூப்பிட்டேன். மீட்புப் படை வருவதற்குள் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. வண்டி கிடைத்தது, சதுப்பில் அச்சுவரை இறங்கியிருந்தது. வீட்டுக்கு இவ்வளவு பக்கத்திலா என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெல்ட் எரிந்திருந்தது. வின்ச் கயிறு முழுவதும் வெளியே இழுபட்டு, வீட்டுப் பக்கமாக நேராகக் கிடந்தது. கொக்கி எதிலும் மாட்டப்படவில்லை.

இவரைக் காணவில்லை. இடுப்பளவு பனி மூடிவிட்டது. நீளக் கம்புகளால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். வீடு நிறைய ரொட்டியும் கேக்கும் இருக்கின்றன.

நீங்கள் இவருக்கு எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பிரிக்காமல் இவர் மேஜையில் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுன்


அகுரேரி
டிசம்பர் 1

என் கண்ணே இதுன்,

நலமா என்று எப்படிக் கேட்பேன்? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும். அழுது அழுது கண்ணும் காதைப்போல ஆகிவிடும்போல இருக்கிறது.

மேஜையில் இருக்கிற கடிதத்தைப் பிரித்துப் படி. படித்த பிறகு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். அன்றைக்கு உனக்கு வண்டிச் சத்தம் கேட்டதா?

ஹால்பெரா


மிரார்செல்
பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை சரியான அளவு. சாம்பல் நிற ஆடு தன் கூட்டத்தோடு தானாகவே வீடு வந்து சேர்ந்தது, உறைந்த சதுப்பின்மேல் நடந்து. யாரும் தேடிப் போகாமலே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தீனி மட்டும் போடுகிறேன்.

வண்டியைக் கழுவிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். கிரீமுர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். பெல்ட்டும் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அது ஓட வழியே இல்லை.

முன்வரவு வந்து, ஆள் வராமல் போனதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எப்போதும் உண்மைதானா?

இதுன்


அகுரேரி
பிப்ரவரி 20

அன்புள்ள இதுன்,

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. இனி கேட்கமாட்டேன். பதில் எனக்குத் தெரியும், உன் மௌனத்திலிருந்து அல்ல, என்னிலிருந்து. வெளியே போகாதே என்று எழுதியது யார்? இந்தக் கைதானே. என் ஜன்னலுக்குக் கீழே அது கத்தியபோது நானும் என்ன செய்தேன்? காபி வைத்தேன்.

எப்போதும் உண்மைதானா என்று கேட்கிறாய். எங்கள் வீட்டில் அது ஒருநாளும் சும்மா வந்ததில்லை. ஏன் கேட்கிறாய்?

நன்றாகச் சாப்பிடு. தனியாக இருக்காதே.

ஹால்பெரா


மிரார்செல்
மார்ச் 15

அக்கா,

சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சத்தம் கேட்டதா என்று கேட்டீர்களே.

கேட்டது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே கேட்டது. முற்றத்துக்கு வரவில்லை, சதுப்பிலேயே நின்று கத்தியது. அடங்கியது, மறுபடி கத்தியது. இன்றைக்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே காபியை அடுப்பில் வைத்தேன். காபி பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சத்தம் நின்றது. சரி, வந்துகொண்டிருக்கிறார் என்று கோப்பையை எடுத்து வைத்தேன் அக்கா. கயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். அவர் அந்தக் கயிற்றை வீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதனால்தான் மௌனமாக இருந்தேன். இப்போது இல்லை. நீங்கள் பயந்தவளுக்கு ஆறுதல் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

ஏன் கேட்டேன் என்றால், அது இன்னும் வருகிறது. தினமும், வெளிச்சம் மங்கும்போது. முற்றத்துச் சரளையில் உரசி ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. ஸ்னாட்டி எழுந்து வாலை ஆட்டுகிறது. கொட்டகையில் போய் வண்டியைத் தொட்டுப் பார்த்தேன், பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது.

இப்போது நான் காபி வைப்பதில்லை. ஒரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகிறேன். நான் போனால் அது வெட்கப்படவில்லை அக்கா. பின்வாங்குகிறது, மெதுவாக, சதுப்பைப் பார்த்து. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. பனி ஆழமாக இருப்பதால் வேலிக்கு அப்பால் போக முடியவில்லை. பனி உருகட்டும்.

இதுன்


மிரார்செல்
மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக அப்படி எழுதவில்லை.

பனி உருகியதும் கிரீமுரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினார். "என்னைத்தான் கூப்பிடப் போறன்னு அவன்கிட்டச் சொன்னேன். கூப்பிடவே இல்லையேன்னு இருந்தேன். வா, போலாம்" என்றார். நேற்று சாயங்காலம் நானும் அவரும் கயிற்றின் இரண்டு முனைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனோம். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. என் பின்னால் வந்தார். கொக்கி கிடந்த இடத்தைத் தாண்டி, பழைய கரிமண் குழிகள் பக்கம் போய், ஒரு குழியின் விளிம்பில் இன்ஜின் சத்தம் அணைந்தது. பாசி பச்சைப் பசேலென்று இருந்தது. கிரீமுர் கம்பை விட்டுப் பார்த்தார். அப்புறம் கம்பை வைத்துவிட்டுக் குனிந்து கையை விட்டார்.

உங்கள் தம்பியின் உடம்பு கெடவில்லை அக்கா. கரிமண் அவரை அப்படியே வைத்திருந்தது. வீட்டைப் பார்த்துத்தான் இருந்தார். இழுத்தபோது இந்த முறை கயிற்றின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.

உதவிக்கு வந்தவர்கள் கொட்டகையில் வைக்கலாம் என்றார்கள். முடியாது என்று சொல்லி வாசல் வழியாக உள்ளே கொண்டுவரச் செய்தேன். வருகிறேன் என்று சொன்னவர் வந்துவிட்டார். பிறகு அடுப்பில் காபி வைத்தேன். கிரீமுரும் நானும் குடித்தோம், மூன்றாவது கோப்பை அவர் பக்கத்தில் ஆறியது. இன்று சாயங்காலம் சத்தம் வரவில்லை. ஸ்னாட்டி எழுந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். கிரீமுர் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் காலையிலேயே போன் செய்துவிட்டார். இடுப்பு வலியோடு இவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் இப்போது, இந்த வரியை எழுதும்போது, முற்றத்துச் சரளையில் தடி ஊன்றி யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. ஒரு கால் கொஞ்சம் இழுத்து. வெளியே ஓடினேன். யாருமில்லை.

புறப்பட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை, நேரில் தருகிறேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை அக்கா. வாசலில்தான் நிற்கிறேன்.

இதுன்